அக்காவின் அறையில் ஒரு பைக்

ஜூன் 3

அக்கா,

முதலில் எங்கேயாவது உட்கார்ந்துகொள். உட்கார்ந்தாயிற்றா? நான் பைக் வாங்கிவிட்டேன்!

சேமிப்பை எல்லாம் வாரி இறைத்துவிட்டேன் என்று பதறாதே. நம் தெருக்கோடியில் ஓவிய ஆசிரியர் வீட்டு வாசலில் ஒரு பழைய பைக் நிற்குமே, அதுதான். அவர் அதை ஓட்டுவதற்காக வைத்திருக்கவில்லை. அவரிடம் படிப்பவர்கள் பார்த்து வரைவதற்காக நிறுத்தியிருந்தார். வருஷக்கணக்காக அதைப் பக்கவாட்டில், முன்னாலிருந்து, பின்னாலிருந்து என்று வரைந்து தள்ளியிருக்கிறார்கள். ஒருத்தரும் ஏறி உட்கார்ந்ததில்லை. இப்போது எல்லோருக்கும் அது சலித்துவிட்டதாம். பழைய இரும்பு விலைக்கே கொடுத்துவிட்டார்.

"ஓடுமா சார்?" என்று கேட்டேன்.

"தெரியாதும்மா. ஆனா அசையாம நல்லா நிக்கும்" என்றார்.

நானும் அம்மாவும் தள்ளிக்கொண்டே வந்தோம். நான் பின்னால், அம்மா ஹேண்டில்பாரில். ஆள் நடமாட்டமே இல்லாத தெருவில் "தள்ளுங்க, தள்ளுங்க, வண்டி வருது" என்று அம்மா கூவிக்கொண்டு வந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

இனி உனக்குப் பிடிக்காத செய்தி. வெளியே விட்டால் மழையில் நனையும், ஹாலில் அம்மாவின் தையல் மெஷின். ஆகவே பைக் உன் அறையில் இருக்கிறது. கதவில் நுழையவில்லை என்று ஹேண்டில்பாரைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோனோம். உன் கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி வைத்துவிட்டேன். கோபப்படாமல் மேலே படி.

எங்கள் பரிசோதனைக் கூடத்தில் வீடு வீடாகப் போய் இரத்த மாதிரி எடுத்து வருகிறவர் ஜூலையோடு வேலையை விடுகிறார். அந்த இடத்துக்குப் படிப்பும் வேண்டும், சொந்த வண்டியும் வேண்டும். படிப்பு என்னிடம் இருக்கிறது. வண்டி இல்லாத ஒரே குற்றத்துக்காகத்தான் இவ்வளவு நாளும் கீழ்த்தளத்தில் கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருக்கிறேன். தலைமை டெக்னீஷியன் அம்மாள் சொல்லிவிட்டார்: "ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி வண்டியோட வா. ஓட்டிக் காட்டு. வேலை உனக்கு. வரலைன்னா வெளியிலிருந்து ஆள் எடுத்துடுவேன்."

அந்தச் சம்பளம் வந்தால் வீட்டை நான் பார்த்துக்கொள்வேன். நீ அந்தக் கல்குவாரியில் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்துவிடலாம். புரிகிறதா? இது பைக் இல்லை, நீ வீடு திரும்பும் பயணச்சீட்டு!

எஞ்சின் என்றால் உனக்கு மூச்சு மாதிரி. எங்கே ஆரம்பிப்பது என்று உடனே எழுது. அங்கே போன் எடுக்காது என்பதால் எனக்குப் பொறுமை செத்துப்போகிறது.

வாலு


ஜூன் 14

அடி வாலு,

உட்கார்ந்துதான் படித்தேன். படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். என் கட்டிலை நிமிர்த்தி வைக்க உனக்கு எவ்வளவு தைரியம்? அடியில் என் பெட்டி இருந்ததே, அதையும் நிமிர்த்தி வைத்தாயா?

சரி, கேட்டுக்கொள். இங்கே கல் உடைக்கும் இயந்திரமும் ஆழ்துளைப் பம்பும் தொண்ணூறு பேர் தூங்கும் கொட்டகையின் விளக்கும் நான் பார்த்துக்கொள்ளும் ஜெனரேட்டரில்தான் ஓடுகின்றன. அதனால் எஞ்சின் விஷயத்தில் நான் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொள். ஓர் எஞ்சினுக்கு வேண்டியது மூன்றே மூன்று. சுத்தமான எண்ணெய், சுத்தமான காற்று, நல்ல அழுத்தம். இந்த மூன்றும் இருந்தால் எந்த எஞ்சினும் ஓடியே தீர வேண்டும். நான்காவதாக ஒன்று வேண்டும் என்று யாராவது சொன்னால் அவனிடம் பேச்சே வைத்துக்கொள்ளாதே.

டேங்கைக் கழற்றிக் குலுக்கிக் கழுவு. பெட்ரோல் வரும் குழாய், கார்புரேட்டர், ஒன்று விடாமல் பிரித்துச் சுத்தம் செய். உங்கள் கூடத்தில் ஊசிமுனை அழுக்கைக்கூடக் கண்டுபிடிப்பீர்களாமே, அந்தப் புத்தியை இங்கே காட்டு. கழற்றும் ஒவ்வொரு திருகையும் எங்கிருந்து எடுத்தாய் என்று குறித்து வை. எல்லாம் முடிந்தபின் டேங்க் மூடியைக் காற்றுகூட நுழையாமல் இறுகச் சுற்றிக் கட்டிவிடு. தூசிதான் எஞ்சினுக்கு எமன். இங்கே நான் அப்படித்தான் செய்கிறேன். இதை மறந்தாயோ, மற்ற எல்லாம் வீண்.

இன்னொன்று. உன் வேலைக்காக நீ பைக் ஓட்டு. எனக்காக என்று சொல்லாதே. ஒப்பந்தக் காகிதம் ஆகஸ்ட் இரண்டாம் தேதி, உன் கடிதங்கள் வரும் அதே எண்ணெய் லாரியில் வருமாம். வந்தால் கையெழுத்துப் போடத்தான் போகிறேன். இரும்புக் கடைக்குப் போக வேண்டிய ஒரு வண்டியை நம்பி யாராவது இருக்கிற சோற்றை விடுவார்களா? நம் மூவரில் ஒருத்திக்காவது புத்தி இருக்க வேண்டும்.

முதலில் கார்புரேட்டரைப் பிரித்ததும் உள்ளே என்ன நிறத்தில் இருந்தது என்று எழுது. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

அக்கா


ஜூன் 22

அக்கா,

பச்சை! கார்புரேட்டருக்குள் பச்சை நிறத்தில் பாசி மாதிரி பிசுபிசுவென்று இருந்தது. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டவள் ஏன் அந்த வரிக்கு இரண்டு தரம் அடிக்கோடு போட்டாய்?

நீ சொன்ன மாதிரியே எல்லாவற்றையும் பிரித்துவிட்டேன். கழற்றிய திருகுகளை எங்கே வைப்பது என்று யோசித்தேன். கூடத்தில் வாய் உடைந்ததென்று ஒதுக்கிய சோதனைக் குழாய்கள் ஒரு கூடை இருந்தன. ஒவ்வொரு குழாயிலும் ஒரு திருகு, மேலே லேபிள். "இடது பக்கம், கீழ், சிறியது." "வலது பக்கம், நீளமானது, பிடிவாதக்காரி." உன் ஜன்னலோரம் முழுக்க வரிசையாக நிற்கின்றன. அம்மா ஒவ்வொரு நாளும் வந்து பார்த்துவிட்டு, "யாருக்கு என்ன வியாதி?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

இப்போது சொல்லப்போவதைக் கேட்டுத் திட்டாதே. திட்டுவதற்கு இங்கேயே ஆள் இருந்தது.

கழுவியதெல்லாம் கழுவியாயிற்று, ஈரம் இருக்கக் கூடாதே என்று யோசித்தேன். நான் குழாய் கழுவுகிறவள். கழுவினால் அடுப்பில் வைத்துக் காய வைப்பதுதானே எங்கள் முறை? கூடத்தில் கண்ணாடிகளைச் சூடேற்றி உலர்த்தும் பெரிய அடுப்பு இருக்கிறது. கார்புரேட்டரைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய், குழாய்த் தட்டுகளுக்குப் பின்னால் சொருகிவிட்டேன். கை பழகிய பழக்கம், வழக்கமான சூட்டில் திருப்பி வைத்துவிட்டேன்.

முதலில் வாசனை மாடிக்குப் போயிருக்கிறது. பிறகு தலைமை அம்மாள் கீழே வந்தார். கதவைத் திறந்தார். இடுக்கியால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இது எந்த நோயாளியோட உறுப்பு?"

"கார்புரேட்டர் மேடம்."

"நல்லா வெந்திருக்கு."

உள்ளே மிதக்கிற பிளாஸ்டிக் மிதவை உருகி அப்பளமாகச் சுருண்டுவிட்டது. அதற்குமேல் அந்த அம்மாள் பேசியதை எழுத மாட்டேன். பெட்ரோல் பட்ட பொருளை அடுப்பில் வைத்தால் கட்டடமே போயிருக்கும் என்று அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கடைசியில், "ஆகஸ்ட் ஒண்ணாம் தேதி வண்டியோட வந்தா இதை மறந்துடறேன். வரலைன்னா கீழ்த்தளத்துக்கும் வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, இப்போது புது வேலை மட்டும் இல்லை, இருக்கிற வேலையும் பைக்கின் கையில்.

உதிரிபாகக் கடைக்காரர் வேறு மிதவை தேடிக் கொடுத்தார். எல்லாவற்றையும் திரும்பப் பூட்டிவிட்டேன். ஒரு திருகுகூட மிச்சமில்லை! பெட்ரோல் ஊற்றி உதைத்தேன். உதைத்தேன். அம்மா உதைத்தாள். ஒரு முனகல்கூட இல்லை. கடைக்காரரிடம் போய்ச் சொன்னால் அவர், "பொறி வருதா பார்த்தியாம்மா?" என்கிறார். நீ பொறி என்று எதையுமே சொல்லவில்லையே? இந்த ஆள்தான் நீ சொன்ன அந்த நான்காவது ஆசாமியா? பேச்சை விட்டுவிடவா?

வாலு


ஜூலை 5

வாலு,

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வைத்துப் படித்தேன், அதுதான் நான் செய்த தப்பு. சிரித்ததில் டீ மூக்கில் ஏறிவிட்டது. என்ன என்று எல்லோரும் கேட்டார்கள். உரக்கப் படிக்க வேண்டியதாகிவிட்டது. "நல்லா வெந்திருக்கு" என்ற இடத்தில் சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். ஆனால் இரண்டாம் முறை தனியாகப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. இனி பெட்ரோல் பட்ட எதையாவது தீயருகே கொண்டுபோனாய் என்று கேள்விப்பட்டால் அடுத்த லாரியில் வந்து முதுகில் நாலு வைப்பேன்.

பொறி விஷயம். கிரேன் ஓட்டுகிறவரிடம் சொந்தமாக பைக் உண்டு. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஏம்மா, நீ டீசல்காரி. அது பெட்ரோல் வண்டி" என்றார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

என் எஞ்சினுக்குப் பொறி கிடையாது வாலு. காற்றை அழுத்து அழுத்தென்று அழுத்தினால் அந்தச் சூட்டிலேயே டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். பெட்ரோல் அப்படிப் பற்றாது. அதற்கு யாராவது பொறி வைத்துவிட வேண்டும். இவ்வளவு வருஷமாக இதோடு குடித்தனம் நடத்தி, உலகத்தில் எல்லா எஞ்சினும் இப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். மூன்றே மூன்று என்று எவ்வளவு திமிராக எழுதியிருக்கிறேன்! அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. கடைக்காரரிடம் நிறைய பேசு.

கிரேன்காரர் சொன்னது இது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் வயரிலேயே மாட்டி, எஞ்சின் உடம்பில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு உதைக்க வேண்டுமாம். முனையில் நீலமாகப் பொறி தெறிக்க வேண்டும். வராவிட்டால் பக்கவாட்டு மூடிக்குள் இரண்டு சின்ன உலோக நுனிகள் சந்தித்துப் பிரியும். சும்மா நின்ற வண்டியில் அவை துருப்பிடித்துக் கிடக்குமாம். நைசான உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் போதும் என்கிறார். பெட்ரோல் டேங்கை அறைக்கு வெளியே வைத்துவிட்டுச் செய்.

இங்கே இப்போது இரண்டு கட்சிகள். கிரேன்காரர் பொறிக் கட்சி. ஸ்டோர்காரர், "வெந்த கார்புரேட்டர் வெந்ததுதான்" என்று எண்ணெய்க் கட்சி. சாப்பாட்டு நேரத்தில் ஒரே கூச்சல். உன் பதில் வரும்வரை இவர்கள் என்னைத் தூங்க விடமாட்டார்கள்.

அக்கா


ஜூலை 12

அக்கா! அக்கா! அக்கா!

பொறிக் கட்சி ஜெயித்தது! கிரேன்காரருக்கு மாலை போடு!

மூடியைத் திறந்தேன். நீ சொன்ன இரண்டு நுனிகளும் கருவாடு மாதிரி கறுத்துப்போய் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. அம்மாவின் தையல் மெஷின் அடியில் கிடந்த உப்புத்தாளால் மெதுவாக, மெதுவாகத் தேய்த்தேன். பளிச்சென்று ஆனது. டேங்க் வெளியே. ஜன்னலைச் சாத்தினோம். நான் பிளக்கைத் துணியால் பிடித்துக்கொண்டேன், அம்மா உதைக்க வேண்டும்.

"ஷாக் அடிக்குமாடி?"

"எனக்குத்தான் அடிக்கும், நீ உதை."

உதைத்தாள். இருட்டில் ஒரு நீலப் புள்ளி, டிக்கென்று! அக்கா, அவ்வளவு சின்னது, எறும்புக் கண் அளவுதான் இருக்கும். நான் போட்ட கூச்சலில் அம்மா பயந்து, எனக்கு ஷாக்கே அடித்துவிட்டது என்று நினைத்து, துடைப்பக்கட்டையால் என்னைப் பிரித்துவிட ஓடி வந்தாள். விளக்கி முடிப்பதற்குள் முதுகில் ஒன்று வாங்கிவிட்டேன். பிறகு அவளும் பார்க்க வேண்டும் என்றாள். மாறி மாறி உதைத்துப் பொறி பார்த்துக்கொண்டே இருந்தோம். சாயங்காலச் சமையலே இல்லை.

மறுநாள் பூட்டி, டேங்க் வைத்து, வாசலில் நிறுத்தி உதைத்தேன். டப்! ஒரே ஒரு டப். அவ்வளவுதான், நின்றுவிட்டது. ஆனால் சைலன்சரிலிருந்து துரு, சிலந்திக்கூடு, ஓவிய வகுப்பில் யாரோ சொருகிய பென்சில் துண்டு எல்லாம் தெருவில் போய் விழுந்தன. எதிர்வீட்டுக்காரர் பட்டாசு என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பேசிவிட்டது அக்கா, அது பேசிவிட்டது! கையெழுத்துப் போடாதே. இன்னும் நாள் இருக்கிறது. போடாதே, போடாதே, போடாதே.

வாலு


ஜூலை 19

வாலு,

உன் டப்பைக் கொட்டகையில் படித்துக் காட்டினேன். தட்டுகளைத் தட்டி ஆரவாரம். ஸ்டோர்காரர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கும் உள்ளுக்குள் என்னவோ குதித்தது, மறைக்க மாட்டேன்.

ஆனாலும் ஒரு டப்பை வைத்து வீட்டு வாடகை கட்ட முடியாது. நேற்று மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கேட்டார். ஆகஸ்ட் இரண்டாம் தேதி லாரி வரும்போது கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். போடாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் தயாராக இருக்கிறதாம். நீ கூடத்திலிருந்தும் வெளியேற்றப்பட்டு, நானும் இங்கிருந்து வந்துவிட்டால், அம்மா தைக்கும் ரவிக்கைகளை நம்பி மூன்று பேர் உட்கார முடியுமா? கோபித்துக்கொள்ளாதே. நீ சின்னவள், உனக்கு ஆசைப்பட நேரம் இருக்கிறது.

பைக்கை விடாதே. அது உனக்காகவே ஓடட்டும். டேங்க் மூடியைச் சுற்றினாயா? அதை நீ எழுதவே இல்லை.

அக்கா


ஜூலை 24

அக்கா,

சுற்றியாயிற்று. சோதனைக் குழாய் வாயில் இழுத்து ஒட்டுவோமே, ரப்பர் மாதிரி நீளும் மெழுகுத் தாள், அதில் நாலு சுற்று. தண்ணீரில் போட்டாலும் உள்ளே போகாது. திருப்தியா?

வண்டி இப்போது ஓடுகிறது. ஆமாம், ஓடுகிறது. தெருமுனை தாண்டி, மருந்துக்கடை தாண்டி ஓடுகிறது. பிறகு இருமுகிறது. இழுக்கிறது. நின்றுவிடுகிறது. ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு உட்கார்ந்தால், கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புகிறது. திரும்பவும் அதே கதை. பொறி பார்த்தேன், இருக்கிறது. கார்புரேட்டரை மறுபடி பிரித்தேன், பளபளக்கிறது. கடைக்காரர் எஞ்சின் சூடாகிறது என்கிறார். அப்படியும் இல்லை, தொட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு நாளும் வேலை விட்டு வந்து ஓட்டுகிறேன், ஒவ்வொரு நாளும் தள்ளிக்கொண்டு திரும்புகிறேன். தெருவில் எல்லோருக்கும் நான் இப்போது வேடிக்கை.

அதைவிட உன் கடிதம்தான் வலித்தது. எனக்கு ஆசைப்பட நேரம் இருக்கிறதாம்! உனக்கு? நீ எஞ்சினை நம்புவாய், கிரேன்காரரை நம்புவாய், பார்த்தே இராத கடைக்காரரைக்கூட நம்புவாய். என்னை மட்டும் நம்ப மாட்டாய். நான் ஜெயித்தால் தட்டைத் தட்டுவாய், தோற்றுவிடுவேன் என்று முன்கூட்டியே கையெழுத்தும் போட்டு வைப்பாய். போட்டுக்கொள். மூன்று வருஷம் அந்த டீசலோடே இரு. நான் இனி கேட்க மாட்டேன்.

தங்கை


ஆகஸ்ட் 1

அக்கா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது காலம் கடந்திருக்கும். நாளைக்கு அங்கே லாரி வருகிறது. இது அதற்கடுத்த லாரியில்தான் ஏறும். உங்கள் அலுவலக வயர்லெஸ்ஸில் சொல்லலாம் என்று கம்பெனி டிப்போவுக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். விபத்து, உயிர்ச் சேதம் தவிர எதற்கும் கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். இருந்தாலும் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

வேலை கிடைத்துவிட்டது!

காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே கூடத்துக்குப் போனேன், வழியில் நின்றுவிடுமோ என்ற பயம். தலைமை அம்மாள் ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிவிட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வயதானவர், நடக்க முடியாதவர். "ரத்தம் எடுத்துட்டு ஐஸ் உருகறதுக்குள்ள வா. அதுதான் பரீட்சை" என்றார்.

போகும்போது பாலத்தில் ஒரு தடவை நின்றது. காத்திருந்தேன், கிளம்பியது. பெரியவருக்கு நரம்பு கிடைக்கிறதா என்று ஒரே கவலை, ஒரே குத்தில் கிடைத்துவிட்டது. எங்கள் குழாய்களில் முன்னதாகவே காற்றை உறிஞ்சி எடுத்திருப்பார்கள், அதனால்தான் இரத்தம் தானாக உள்ளே ஓடி வரும். ஒரு குழாயின் ரப்பர் மூடி தளர்ந்திருந்தது. கை பட்டதும் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டது. அதை ஒதுக்கிவிட்டு வேறு குழாயில் எடுத்தேன்.

திரும்பும்போது நட்டநடு ரோட்டில் வண்டி நின்றுவிட்டது. பெட்டியில் ஐஸ் உருகுகிறது. உள்ளே இன்னொருவருடைய இரத்தம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெட்ரோல்தான் தீர்ந்துவிட்டதோ என்று மெழுகுத் தாளைக் கிழித்து மூடியைத் திருகினேன்.

உஸ்ஸ்!

அதே சத்தம் அக்கா! பெட்டியில் கிடந்த குழாய் போட்ட அதே சத்தம்! நடுரோட்டில் நின்று "வேக்குவம்! வேக்குவம்!" என்று கத்தினேன். ஒரு சைக்கிள்காரர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார். பெட்ரோல் கீழே இறங்க இறங்க, மேலே காற்று வர வேண்டாமா? மூடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது, அதுதான் டேங்கின் மூக்கு. நீ இறுகக் கட்டச் சொன்னாய், நான் அதை இன்னும் இறுகக் கட்டினேன். இரண்டு பேரும் சேர்ந்து அதற்கு மூச்சு முட்ட வைத்திருக்கிறோம். உன் ஜெனரேட்டருக்கு மூச்சுக்குழாய் தனியாக இருக்குமாம், கடைக்காரர் பிறகு சொன்னார். இதற்கு மூடியே எல்லாம்.

தாளைச் சுருட்டி எறிந்துவிட்டு உதைத்தேன். அதற்கப்புறம் நிற்கவே இல்லை. கூடத்து வாசல்வரை ஒரே ஓட்டம், காற்று காதில் அடிக்கிறது, நான் உரக்கப் பாடிக்கொண்டு வருகிறேன், வாசலில் அந்த அம்மாள் நிற்பதைப் பார்த்துத்தான் வாயை மூடினேன். பெட்டியைத் திறந்து ஐஸைத் தொட்டுப் பார்த்தார். "இன்னும் கட்டியா இருக்கு. நாளைக்கு ஏழு வீடு" என்றார். அவ்வளவுதான். ஏழு வீடு!

அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தெருவை நாலு சுற்று சுற்றினேன். போன கடிதத்தில் நான் எழுதியதை எல்லாம் மறந்துவிடு. கோபம் உன்மேல் இல்லை, அந்தத் தேதிமேல். ஒரே ஒரு நாள் அக்கா. ஒரே ஒரு நாள் முன்னால் எனக்கு இந்த மூடியைத் திறக்கத் தோன்றியிருந்தால்கூட உனக்குச் சொல்லியிருக்க முடியாது, தெரியும். இருந்தாலும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது ஏன் இப்படி அழுகிறேன் என்று அம்மா கேட்கிறாள். அவளுக்குத் தெரியாமல் இல்லை.

மூன்று வருஷம் சீக்கிரம் போய்விடும்.

வாலு


ஆகஸ்ட் 2

என் வாலு,

லாரி இப்போதுதான் வந்து நின்றிருக்கிறது. எண்ணெய் இறக்கி முடிக்கும்வரை எனக்கு நேரம். உன் ஜூலை 24 கடிதத்தையும் ஒப்பந்தக் காகிதத்தையும் ஒன்றாகக் கொண்டுவந்து கையில் கொடுத்தார் டிரைவர். மேற்பார்வையாளர் பேனாவோடு பக்கத்தில் நின்றார். கொஞ்சம் பொறுங்கள், வீட்டுக் கடிதத்தைப் படித்துவிடுகிறேன் என்றேன்.

தங்கை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். பிறந்ததிலிருந்து நீ எனக்கு வாலுதான். அந்த ஒரு வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

வண்டி ஓடி ஓடி நிற்கிறது என்கிறாய். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. கிரேன்காரருக்கும் தெரியவில்லை. நேற்றோடு உன் கெடுவும் முடிந்திருக்கும். மருந்துக்கடை தாண்டி நின்றுபோகிற வண்டியை வைத்துக்கொண்டு நீ அந்த அம்மாள் முன்னால் எப்படி நின்றாய் என்று நினைக்கவே முடியவில்லை. இருந்த வேலையும் போயிருக்கும். இரண்டு நாளாக நீ சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டாய்.

கணக்குப்படி பார்த்தால் இன்றைக்குத்தான் நான் கட்டாயம் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை வாங்கினேன். வாங்கிவிட்டு, தெருவில் தனியாக அந்த வண்டியை நீ தள்ளிக்கொண்டு வருவதை நினைத்தேன். ஒரு கை நான் பிடித்தால் என்ன என்று இருந்தது. உன் வண்டி ஓட வேண்டும் என்று இவ்வளவு நாள் ஆசைப்பட்டேன் வாலு. இப்போது தெரிகிறது, ஓடாதபோது நான் அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் அதைவிடப் பெரிய ஆசை. உன் கையில் இருக்கிற எண்ணெய்க் கறையை நினைத்து எனக்குப் பொறாமை என்று சொன்னால் நம்புவாயா?

கையெழுத்துப் போடாமலே பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "நல்லா யோசிச்சியாம்மா?" என்று கேட்டார். "இல்ல சார், யோசிக்கவே இல்ல" என்றேன். கொட்டகையில் தட்டைத் தட்டினார்கள், ஸ்டோர்காரர்கூட.

எஞ்சின் பார்க்கத் தெரிந்தவளுக்கு எங்காவது ஓர் எஞ்சின் கிடைக்கும். கிடைக்கும்வரை மூன்று பேரும் அரை வயிறு சாப்பிடுவோம். நீ தோற்றுவிட்டதாக நினைத்து அழாதே. அந்த அம்மாளிடம் நான் வந்து பேசுகிறேன்.

புது ஆளுக்கு வேலை சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்த லாரியில் கிளம்பி, வழியில் பஸ் பிடிக்கிறேன். ஒன்பதாம் தேதி சாயங்காலம் பஸ் நிலையத்தில் இறங்குவேன். வண்டி ஓடவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டு நீயும் அம்மாவும் அவ்வளவு தூரம் நடந்து வர வேண்டாம். பெட்டி கனமே இல்லை. நானே நடந்து வந்துவிடுவேன்.

அக்கா